கன் டிரிகர், இரண்டு விரலுக்கு

போலீஸ் வந்தபோது சங்கமித்ராவின் இயந்திரம் ஒரு மிக்ஸி மூடியை அச்சடித்துக்கொண்டிருந்தது.

வடசென்னை டோல்கேட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒவைஸ் பாயின் லேத் பட்டறையை ஒட்டிய சின்ன அறைதான் அவள் கடை. கிரைண்டர் குமிழ், வீல்சேர் கைப்பிடி, படகு மோட்டாரின் மூடி என்று கடைகளில் கிடைக்காத எதைக் கொண்டுவந்தாலும் அளவெடுத்து, கணினியில் வரைந்து, 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கில் செய்து தருவாள். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். பாலிடெக்னிக் முடித்து எட்டு வருஷம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, தானாகத் தொடங்கிய கடை.

ஒரு கான்ஸ்டபிளோடு உள்ளே வந்த எஸ்.ஐ. ஒரு தாளைப் பார்த்து வாசித்தார்.

“சங்கமித்ரா நீங்கதானே? நெட்ல துப்பாக்கி டிசைன் போட்டிருக்கீங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளை வாங்கிப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் பெயர், கடை முகவரி, போன் நம்பர், டிசைனின் படம், கீழே அவள் வைத்த தலைப்பு: ‘கன் டிரிகர், இரண்டு விரலுக்கு.’

“சார், இது பெயிண்ட் அடிக்கிற கன்னு. ஸ்ப்ரே கன். கன்டெய்னர் யார்டுல பெயிண்ட் அடிக்கிற அண்ணன் ஒருத்தருக்கு ரெண்டு விரல் போயிடுச்சு. மிச்ச ரெண்டு விரலால அமுக்குற மாதிரி அகலமா ஒரு டிரிகர் போட்டுக் குடுத்தேன். அவர மாதிரி வேற யாருக்காவது ஒதவுமேன்னு நெட்ல ஏத்துனேன். யார்டுல எல்லாரும் கன்னுன்னுதான் சொல்லுவாங்க, அதான் அப்படிப் பேர் வச்சேன்.”

எஸ்.ஐ. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபக்காரர் அல்ல. வெயிலில் அலைந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

“புரியுதும்மா. ஆனா லிஸ்ட்ல பேர் இருக்கு.”

அச்சடிக்கக்கூடிய துப்பாக்கி வரைபடங்களை இணையத்திலிருந்து நீக்க வேண்டும், ஏற்றியவர்களின் விவரத்தைத் தர வேண்டும் என்று அரசாங்கம் அந்த மாதம்தான் எல்லாத் தளங்களுக்கும் உத்தரவு போட்டிருந்தது. அவள் வரைபடம் இருந்த தளம், ‘கன்’ என்றும் ‘டிரிகர்’ என்றும் தலைப்பில் இருந்ததையெல்லாம் மொத்தமாக வாரிக் கொடுத்துவிட்டது.

“மெஷின எடுத்துட்டுப் போகணும். லேப்ல பார்த்து ரிப்போர்ட் வந்ததும் குடுத்துருவோம்.”

“எத்தன நாள் ஆவும் சார்?”

“அது என் கையில இல்லம்மா.”

சங்கமித்ராவுக்கு அப்போதுதான் அந்த ஆளின் ஞாபகம் வந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒருவன் போனை நீட்டி, “இத அடிச்சுக் குடுங்க” என்று கேட்டிருந்தான். திரையில் இருந்தது நிஜத் துப்பாக்கியின் பாகங்கள். முடியாது என்று திருப்பி அனுப்பியிருந்தாள். அவன் முதலில் போனில் பேசிவிட்டுத்தான் வந்தான், நம்பர் இன்னும் இருந்தது.

“சார், நெசமாவே துப்பாக்கி கேட்டு ஒருத்தன் வந்தான். இது அவன் நம்பர். நான் செஞ்சு தரல. வேற எங்கனா போயிருப்பான். அவனப் புடிங்க.”

எஸ்.ஐ. கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் தாளைப் பார்த்தார்.

“இந்த நம்பர் லிஸ்ட்ல இல்லயேம்மா,” என்றார் எஸ்.ஐ. “அது தனி கம்ப்ளெய்ன்ட். ஸ்டேஷன்ல வந்து எழுதிக் குடுங்க. இப்ப நான் வந்தது இதுக்கு.”

பாதி மூடியோடு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். நம்பர், தேதி, ஆளின் அடையாளம், எல்லாம். இது சைபர் பிரிவுக்குப் போக வேண்டியது என்றார்கள். சைபர் பிரிவில், சம்பவம் நடந்தது டோல்கேட்டில் என்பதால் ஸ்டேஷனில்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது முறை போனபோது அவள் கொடுத்த காகிதத்தையே காணவில்லை. துப்பாக்கி வரைபடத்தைத் தடுக்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. தன் ஊரில் எவன் கையிலும் அது போகக் கூடாது என்றுதான் அவளும் அலைந்தாள்.

அந்த வாரக் கடைசியில் முப்பிடாதி வந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் துறைமுக வேலைக்கு வந்தவர். கன்டெய்னர் கதவில் கை சிக்கி, வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போனவர். உடைந்த டிரிகரை மேசைமேல் வைத்தார்.

“தின்னர் பட்டு இத்துப் போச்சும்மா. ஒண்ணு அடிச்சுத் தந்திருதியா?”

“மெஷின் இல்லண்ணே. போலீஸ் எடுத்துகினு போயிட்டாங்க.”

நடந்ததைச் சொன்னாள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குச் செஞ்சதுனாலயா?”

“அதெல்லாம் இல்லண்ணே.”

“கன்னைப் பிடிக்க முடியலன்னா துரு சுரண்டப் போகச் சொல்லுதான் சூப்பர்வைசர். புதுசா ஒரு பையன பெயிண்டுல போட்டுட்டான். சுரண்டுத வேலைக்கு இந்தக் கை தாங்காதும்மா.”

அன்று இரவே தளத்துக்கு எழுதினாள். ஸ்ப்ரே கன்னின் படம், முப்பிடாதியின் கை, டிரிகரைப் பொருத்திய வீடியோ எல்லாம் வைத்து அனுப்பினாள். ஒரு நிமிஷத்துக்குள் பதில் வந்தது: விதியை மீறிய கோப்பு, முடிவு இறுதியானது. தலைப்பை ‘பெயிண்ட் தெளிப்பான் விசை’ என்று தமிழில் மாற்றி மறுபடி ஏற்றினாள். நீக்கப்பட்ட கோப்பை மீண்டும் ஏற்றியதற்காகக் கணக்கையே மூடிவிட்டார்கள். அதில் அவள் நான்கு வருஷமாக வரைந்து வைத்த குமிழ்கள், மூடிகள், கைப்பிடிகள் எல்லாம் இருந்தன. பாதிக்கு வேறு பிரதி கிடையாது.

காலையில் பட்டறை வாசலில் நின்று ஒவைஸ் பாயிடம் கத்தித் தீர்த்தாள்.

“என்னாண்ட இருந்தது பிளாஸ்டிக்க உருக்கி ஊத்துற பொட்டி பாய். அத்த தூக்கிகினு போறாங்க. உன் லேத்தப் பாத்து எவனாவது ஒரு வார்த்த கேட்டானா?”

“கேக்கல,” என்றார் பாய். “முப்பத்தஞ்சு வருசமா இரும்பக் கடையறேன். இதுல இன்னா வேணா செய்யலாம்னு அவங்களுக்குத் தெரியாதா இன்னா? லிஸ்ட்டுல லேத்து இல்ல, அவ்ளோதான். நீ பேஜாராவாத. அந்த ஒடஞ்ச பீஸக் குடு.”

தடிமனான நைலான் கட்டை ஒன்றை எடுத்தார். அவள் அளவு சொல்ல, அவர் வெட்டினார். வளைவுகள் லேத்தில் வரவில்லை. அரத்தை எடுத்து இருவரும் கையால் ராவினார்கள். முதல் இரண்டும் பொருந்தவில்லை. மூன்றாவது பொருந்தியது, ஆனால் விளிம்பு முப்பிடாதியின் சுண்டு விரலை அறுத்தது. நான்காவதைச் செய்து முடிக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று, பொருத்திப் பார்க்க முப்பிடாதியால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர முடிந்தது என்பதால்.

“கனமாத்தான் இருக்கு,” என்றார் முப்பிடாதி, அழுத்திப் பார்த்துக்கொண்டே. “ஆனா நிக்குதும்மா.”

சூப்பர்வைசர் அவரைப் பாதி நாளுக்குத்தான் பெயிண்டுக்கு எடுத்தார். காலையில் துரு சுரண்டல், மதியத்துக்கு மேல் கன். புதுப் பையனை அனுப்ப முடியாது என்றாராம்.

நாற்பத்தேழாவது நாள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஆட்சேபகரமாக எதுவும் இல்லை என்று லேப் ரிப்போர்ட் வந்திருந்தது. அவள் போனபோது இயந்திரம், பறிமுதல் செய்த பைக்குகளுக்குப் பக்கத்தில், தரையில் இருந்தது. கீழ்த்தட்டின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. ஒரு பக்கத்துக் கம்பி வளைந்திருந்தது.

ரைட்டர் நோட்டை நீட்டினார். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

“ஒடஞ்சி கீது சார். ஒடஞ்ச நெலைலன்னு எழுதிக் கையெழுத்துப் போடறேன்.”

“அப்படி எழுதினா இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குப் போகும். அவர் விசாரிக்கணும். இன்னும் ஒரு மாசம் இங்கயே கெடக்கும், பரவால்லயா?”

எஸ்.ஐ. எதிர் மேசையில்தான் இருந்தார். அவள் பார்த்ததும் ஒரு கோப்பைத் திறந்து குனிந்துகொண்டார். துப்பாக்கி கேட்டு வந்தவனைப் பிடித்தீர்களா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. ஐந்து பேர் பொருள் செய்து தரச் சொல்லிக் காத்திருந்தார்கள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

ஷேர் ஆட்டோவில் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி, “இன்னாம்மா இது, தையல் மெசினா?” என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

பாய் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கம்பிய நான் நிமுத்திக் குடுக்கறேன். கண்ணாடிதான, புச்சா வாங்கிக்கலாம் வுடு.”

“நல்லா கீதுன்னு கையெழுத்து வாங்கிகினாங்க பாய்.”

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அவள் கடைக்கு வந்தார். சங்கமித்ரா விளக்கைப் போட்டு, அதை அவரிடமிருந்து வாங்கி, கீழ்த்தட்டின் முதல் திருகைக் கழற்றத் தொடங்கினாள்.