வாய் மட்டும் பாக்கி

தலைவரை மேடையில் உட்காரவைத்து எல்லோர் முன்னாலும் வரைவது என்று முடிவான அந்தக் காலை முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: சுவரில் சாய்ந்து நின்ற ஓவியக்காரி, வேலைக்குக் கிளம்பிக் கருவிப் பையோடு வாசலருகே நின்ற அவள் கணவன், செய்தித் துறையிலிருந்து வந்த அதிகாரி, அதிகாரியின் குடையைப் பிடித்திருந்த டிரைவர், ஐந்து வருடமாகப் பிரம்பு நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் நாத்தனார். பேசிக்கொண்டிருந்தது நாத்தனார் மட்டும்.

நாத்தனார் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகத்தான் வந்தார். வந்த அன்றே, ஊரார் முகத்தையெல்லாம் வரைகிறாயே, சொந்த நாத்தனார் முகம் மட்டும் உன் கண்ணில் படவில்லையா என்று கேட்டு, நல்ல புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். ஓவியக்காரிக்குத் தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணால் பார்க்காத கோட்டை அவள் போட மாட்டாள், போட்ட கோட்டை அழிக்கவும் மாட்டாள். பாதத்தில் ஆரம்பித்து மேலே ஏறிப்போய், வாயைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். நாத்தனார் காபியை விழுங்கிய ஒரு நொடியில் கன்னமும் தாடையும் படத்தில் வந்துவிட்டன. அவை மூடிய வாய்க்கு உரிய கன்னமும் தாடையும். அதற்குப் பிறகு அந்த வாய் மூடவில்லை. மூடிய வாய்க்குப் போட்ட தாடையில் திறந்த வாயைக் கொண்டுபோய் ஒட்டவைக்க முடியாது. படம் அப்படியே நின்றது. ஊருக்குக் கிளம்பலாம் என்று நாத்தனார் எழப் பார்த்தபோது உடம்பு எழவில்லை.

அவள் கையில் பாதி வரையப்பட்டவர்கள் படம் முடியும்வரை எழுந்திருக்க முடியாது என்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும். சில வீடுகளில் சுவர் ஓதம் காக்கும், சில வீடுகளில் கதவு சரியாகச் சாத்தாது. அதுபோல இது அந்த வீட்டில் ஒரு குறை. முன்பு குழாய் ரிப்பேர்காரர் ஒருவர் ஒரு வாரம் மாட்டிக்கொண்டிருந்தார். வாய்க்குள் பாட்டு முனகிக்கொண்டே இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கிப்போனபோது அவள் உதட்டைப் போட்டு முடித்தாள். அவர் தூக்கத்திலேயே எழுந்து வீட்டுக்கு நடந்துபோனார். நாத்தனார் விஷயத்தில் அந்த வழியும் இல்லை. தூக்கத்திலும் பேசினார், பேசாத நேரத்தில் வாய் பிளந்திருந்தது. கொஞ்ச நேரம் வாயை மூடுங்கள் அண்ணி என்று கேட்டால் ஒருபோதும் மறுத்ததில்லை. இதோ மூடுகிறேன் என்று ஆரம்பித்து, எப்படி மூடப் போகிறார், சின்ன வயதில் தான் எவ்வளவு அமைதியான பெண், அதை யார் யார் பாராட்டினார்கள் என்பதையெல்லாம் விவரமாகச் சொல்வார்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவன் பிழைப்பு. சொந்த அக்காவை நாற்காலியிலிருந்து எடுக்கக் கடப்பாரை வரை முயன்று பார்த்துவிட்டான். நாற்காலி தூக்கினால் வந்தது, அக்கா அதோடு சேர்ந்து வந்தார். வந்து பார்த்த டாக்டர், நோய் உடம்பில் இல்லை, படத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றபடி நாத்தனாருக்கு ஒரு குறையும் இல்லை. பேசிக்கொண்டே நன்றாகச் சாப்பிட்டார், பேப்பர் படித்தார், தலை வாரிக்கொண்டார், வீட்டை நடத்தினார். மற்றத் தேவைகள் அவருக்கு ஏற்படவில்லை. எப்படி என்று கேட்பது மரியாதையில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. அவருடைய கணவர் வாரம் ஒருமுறை வெளியூரிலிருந்து போன் செய்து, முன்னேற்றம் ஏதாவது உண்டா என்று விசாரிப்பார். இல்லை என்றதும் அவர் விடும் பெருமூச்சு எந்த வகைப் பெருமூச்சு என்று போனில் கண்டுபிடிக்க முடியாது.

இதில் கஷ்டம் முழுக்க ஓவியக்காரிக்குத்தான். முன்னறைதான் அவள் வேலை செய்யும் அறை. வெளிச்சம் அங்கேதான் வரும். அங்கே நின்று ஒரு கோடு போட்டால், பின்னாலிருந்து, மூக்கு கோணலாக இருக்கிறது என்று குரல் வரும். சொன்ன பிறகு பார்த்தால் கோணலாகத்தான் தெரியும். அவள் சமையலறைக்கு இடம் மாறினாள். பாத்திரம் கழுவும் தொட்டிமேல் பலகையைக் குறுக்கே போட்டு வரைந்தாள். நீராவியில் காகிதம் சுருண்டது. படம் வாங்கியவர்கள் தாளிப்பு வாசம் அடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அந்த அறை திரும்பக் கிடைத்தால் போதும், வேறு எதையும் கேட்க மாட்டேன் என்று அவள் நினைக்காத நாள் இல்லை.

வெளியே காலம் சரியில்லை. அந்த வருடம் தலைவர்கள் நிலைக்கவில்லை. ஒருவர் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெயரின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முன்னாள் தலைவராகிவிட்டார். இன்னொருவர் முதுகு வலிக்கிறது என்று எழுந்து சோம்பல் முறித்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலியில் வேறு ஆள் இருந்தார். அலுவலகங்களில் படம் மாட்டுபவர்கள் ஆணியை மட்டும் அடித்துவிட்டுச் சட்டத்தைக் காலியாக விட்டார்கள். ஊரடங்கு என்று ஒரு ஒலிபெருக்கி வண்டி சொல்லிவிட்டுப் போகும், இல்லை என்று அடுத்த வண்டி சொல்லும். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்துக்கொண்டார்கள். ஜனங்கள் குனிந்து போய்க் குனிந்து வந்து பழகி, திறந்த வெளியிலும் குனிந்தே நடந்தார்கள். தக்காளி விலையும் ஏறியிருந்தது.

இப்போதிருந்த தலைவர் யோசிக்கத் தெரிந்தவர். போனவர்கள் எல்லோரும் எழுந்ததனால்தான் போனார்கள் என்று கண்டுபிடித்தார். எழுந்திருக்கவே முடியாத ஒரு பெண்மணி இருக்கும் வீட்டைப் பற்றி யாரோ அவர் காதில் போட்டார்கள். அதனால்தான் அதிகாரி வந்திருந்தார். நகர மன்றத்தில் நேரடி ஓவிய நிகழ்ச்சி, தலைவர் தன் நாற்காலியிலேயே வந்து உட்காருவார், வரைய வேண்டும். ஆனால் முடிக்கக் கூடாது.

"முடிக்காம விட எனக்குத் தெரியாது சார். கைமீறிப் போனாத்தான் உண்டு" என்றாள் அவள்.

"அந்தக் கைமீறினதைத்தான் நாங்க கேக்குறோம். வாய் மட்டும் பாக்கி இருக்கட்டும்" என்றார் அதிகாரி.

முடிக்காமல் விட்டால் நகர மன்றத்தின் மாடி அறை, பெரிய ஜன்னல்களோடு அவளுக்கு. முடித்துத் தலைவர் எழுந்துவிட்டால் வீட்டுக்குச் சீல், அதற்கு மேல் அவள் படம் போடும் கரியை எங்கேயும் தொடக் கூடாது. இதை அதிகாரி நல்லவிதமாகத்தான் சொன்னார், ஆனால் மூன்று முறை ஆரம்பிக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் நாத்தனார் அவருடைய தாயாரின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்துக் குறுக்கே புகுந்துவிட்டார். போகும்போது அதிகாரிக்கே தெரியவில்லை, தாயாருக்கு முழங்கால் வலி என்று தான் எப்போது சொன்னோம் என்று.

ஓவியக்காரி தயாரானாள். கொல்லையில் குச்சிகளைத் தகர டப்பாவில் அடைத்துத் தீமூட்டிக் கரி சுட்டாள். ஆளைவிடப் பெரிய காகிதத்தில் எட்டிப் போட வேண்டும் என்பதால் சுவரில் வெறுங்கையால் கோடு இழுத்துத் தோளைப் பழக்கினாள். ஒத்திகைக்கு உட்காரக் கணவனைக் கூப்பிட்டபோது, ஒரு குடும்பத்திலிருந்து ஒருத்தர் போதும் என்று சொல்லிவிட்டு இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். சட்டையை நாற்காலி முதுகில் மாட்டி வரைந்தாள். பொத்தான் ஒன்றை மறந்துவிட்டதால் மறுநாள் மாலைவரை அந்தச் சட்டையை நாற்காலியிலிருந்து எடுக்க முடியவில்லை. அவன் பனியனோடு வேலைக்குப் போனான். அடுத்துப் பூனையை வரைந்தாள். அது பாதியில் கொட்டாவி விட்டு, ஃபிரிட்ஜின்மேல் இரண்டு நாள் இருந்தது.

அந்தப் பக்கம் தலைவருக்கும் ஒத்திகை நடந்தது. நிகழ்ச்சி முழுக்க அவர் வாயை மூடக் கூடாது. பேச்சு என்றால் அவருக்குச் சர்க்கரை, ஆனால் கைதட்டும் இடங்களில் வாயை மூடிப் புன்னகைப்பது நீண்ட நாள் பழக்கம். அதனால் மன்றத்தில் யாரும் கைதட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். கைதட்டு இல்லாமல் ஒத்திகை பார்த்தபோது தலைவருக்குப் பேச்சு வற்றிவிட்டது. வாக்குறுதிகள் ஒரு மணி நேரத்துக்குக்கூட வரவில்லை. அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு அந்த முன்னறை ஞாபகம் வந்தது. பேச்சை நிற்கவே விடாத ஓர் அம்மாள் அங்கே இருக்கிறாரே. எதிரே உட்காரவைத்தால் தலைவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார், வாய் மூட நேரமிருக்காது. இரண்டு பேர் பேசிக்கொண்டால் இரண்டு பேரும் பேசுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். அவருக்கு அக்கா தங்கை கிடையாது.

இதைச் சொல்ல அவர் வந்தபோது கணவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். அந்த வீட்டில் நாத்தனார் எதிரே உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை முடித்தவர் யாரும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எச்சரிக்க ஒரு வார்த்தை போதும். மாடி அறையின் ஜன்னல்களை அவள் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தாள். வீட்டுக்குச் சீல் வைப்பதையும், அண்ணி இல்லாத முன்னறையையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு அண்ணிக்கு ஒரு மாறுதலாக இருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

நிகழ்ச்சியன்று நாத்தனாரை நாற்காலியோடு லாரியில் ஏற்றினார்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு தெருவைப் பார்த்தவர், யார் யார் வீட்டுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள், அது ஏன் பொருந்தவில்லை என்று மன்றம் வரை சொல்லிக்கொண்டு வந்தார். மன்றம் நிரம்பியிருந்தது. ஜனங்கள் பழக்கத்தில் குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் தன் நாற்காலியில் இருந்தார். துணைத் தலைவர் அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார். நாத்தனாரை எதிரே இறக்கினார்கள். ஓவியக்காரி தலைவரின் செருப்பிலிருந்து ஆரம்பித்தாள்.

கணுக்கால் வரும்வரை தலைவர்தான் பேசினார். இந்த நெருக்கடியான நேரத்தில் என்று அவர் தொடங்கியபோது நாத்தனார், "அது இருக்கட்டும் தம்பி, ஏன் இப்படி இளைச்சுட்டீங்க? வீட்ல யாரும் கவனிக்கறது இல்லையா?" என்றார். தலைவர், மக்கள் பணியில் என்றார். மக்கள் பணி செய்கிறவர்களின் வயிறு என்ன ஆகும் என்பதை நாத்தனார் தன் கொழுந்தனாரை வைத்து விளக்கினார். அதிலிருந்து கொழுந்தனாரின் மனைவிக்கும், அவள் ஓட்டிய ஸ்கூட்டருக்கும், அது மோதிய சுவருக்கும், அந்தச் சுவரைக் கட்டியவனின் நாணயத்துக்கும் போனார். முழங்காலும் வயிறும் மார்பும் காகிதத்தில் ஏறின. தலைவர், நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால் என்று பலமுறை வாயைத் திறந்தார். போகப் போகப் பாதி திறந்தார். ஓரத்தில் நின்ற அதிகாரி, பேசுங்க ஐயா என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். அவர் எச்சில் விழுங்கிய ஒரு நொடியில் கன்னமும் தாடையும், பிறகு கண்ணும் நெற்றியும் முடியும் வந்துவிட்டன. சுவர் கட்டியவனின் மச்சானுக்கு நாத்தனார் வந்து சேர்ந்தபோது தலைவர் வாழ்க்கையில் முதல்முறையாக, இன்னொருவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். உதடுகள் மூடின. அவள் பார்த்தாள், பார்த்ததைப் போட்டாள்.

தலைவர் எழுந்தார். எழ வேண்டும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. மடக்கி வைத்த குடை விரிவதுபோல எழுந்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் துணைத் தலைவர் உட்கார்ந்துவிட்டிருந்தார். முன்னாள் தலைவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போனார். இப்போது வேறோர் இடத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறார், வியாபாரத்தை நின்றபடியே பார்க்கிறார் என்று கேள்வி.

நாத்தனார் பேசும்போது இதுவரை எத்தனையோ பேர் கழன்றுகொண்டதுண்டு. ஆனால் அடுப்பில் பால் இருக்கிறது, இதோ வந்துவிடுகிறேன் என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஒரு வார்த்தை சொல்லாமல் முகத்துக்கு நேரே எழுந்துபோன முதல் ஆள் இவர்தான். நாத்தனார் மச்சானை நடுவில் விட்டுவிட்டு அந்தக் காலி இடத்தையே பார்த்தார். அவர் வாய் மூடியது. ஓவியக்காரியிடம் பெரிய பலகை ஒன்றுதான் உண்டு. பழைய படத்தை எடுத்தால் அண்ணிக்கு என்ன ஆகுமோ என்று அதன்மேலேயே புதுக் காகிதத்தைக் குத்தியிருந்தாள். ஒரே இழுப்பில் தலைவரைக் கிழித்துக் கீழே விட்டாள். அடியில் இருந்த அண்ணியின் படத்தில், பாக்கி இருந்த வாயை ஒரே கோட்டில் போட்டாள். நாத்தனாரின் முழங்கால் நெட்டி முறியும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. அவர் நின்றுகொண்டிருந்தார். தடை இருந்ததால் யாரும் கைதட்டவில்லை.

சீல் என்ன ஆயிற்று என்று கணவன் அதிகாரியிடம் போய்க் கேட்டான். அதிகாரி புதுத் தலைவருக்குக் குடை பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். அது போன தலைவரோட உத்தரவுங்க, மாடி அறையும் அப்படித்தான், என்று இரண்டையும் ஒரே மூச்சில் ரத்து செய்துவிட்டுப் போனார்.

நாத்தனார் அன்று மாலையே கிளம்பினார். கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய் ஆட்டோவை நிறுத்திவைத்தான். அவர் வாசற்படி இறங்கினார், நின்றார், தன் படத்தைச் சுருட்டியபடி வைத்திருந்ததை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்மா, வாய் கொஞ்சம் பெரிசா இருக்கே."

"பாத்ததைத்தான் போட்டேன் அண்ணி."

"இல்லடி, இருக்கு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. வேணும்னா உள்ள வந்து இன்னொரு தடவ உக்காரட்டுமா?" என்று நாத்தனார் ஒரு காலைத் திரும்பப் படியில் வைத்தார். ஓவியக்காரி அந்தக் கால் படியைவிட்டு இறங்கும்வரை, ஆட்டோ காத்திருக்கிறது, பஸ் போய்விடும், தம்பி பாவம் என்று வரிசையாகச் சொன்னாள். இறங்கியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.