ஜேக்கப் படகு பார்வை இழந்த கதை

ஜேக்கப் அண்ணன் தன் விசைப்படகின் பார்வையைத் தானே பறித்துவிட்டார் என்பதைத் தெருவில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். காசிமேட்டில் வேறு யாராவது சொல்லிக்கொண்டால் நம்ப வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைக் கேஸ் தீயால் பொசுக்கிச் சுரண்டுவார்கள். அதற்கு முன் மீன் காட்டும் கருவியின் அடிப்பகுதியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அண்ணனுக்கு எப்போதும் அவசரம். கழற்றாமலே தீயைக் காட்டினார், அங்கேதான் சிப்பி அதிகம் என்று கூடுதலாகவே காட்டினார். படகு தண்ணீரில் இறங்கியதும் திரையில் ஒன்றுமே இல்லை. தடை முடிய இரண்டே நாள். புதுக் கருவி வரப் பத்து நாளாகும் என்றார் கடைக்காரர். முதல் நாள் மீன் மொத்தமும் மற்றவர்களுக்குப் போய்விடும்.

அவர் மகள் ஹெப்சிபா ஆறு வருடமாகக் கல்லூரியில் படிகம் நடுங்குவதை ஆராய்கிறாள். நடுக்கம் பார்க்க ஆறு வருடமா, என் வீட்டுக்காரர் கையைப் பார்த்தால் போதாதா என்று நானே கேட்டிருக்கிறேன். அவள்தான் கருவியின் அடிப்பகுதியான பித்தளைக் கூட்டைப் பிரித்து, உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் படிக வில்லையை எடுத்தாள்.

"இன்னா நைனா, கொளுத்திக்கீற?"

"லைட்டாதான் காட்னேன்."

"லைட்டாவா? முந்நூறு டிகிரி தாண்டிகீது!"

தாண்டினால் என்ன என்று நான் கேட்டேன். கேட்காமல் எப்படி இருப்பது? வில்லைக்குள் வரிசை வரிசையாகக் கூண்டுகளாம், கூண்டுக்கு ஒரு அணுவாம். எதுவும் சும்மா இருக்காதாம். சூடு ஏறினால் நடுவில் நின்று உதறுமாம். ஆற ஆறப் பல உதறல்களில் ஒன்று மட்டும் மெதுவாகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்று, அணு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்தான் வில்லை மின்சாரத்தை ஒலியாக்கும், திரும்பி வரும் ஒலியை மின்சாரமாக்கும்.

"இப்போ தானா ஆறினதுல ஒரு கும்பல் இப்டி, ஒரு கும்பல் அப்டி சாஞ்சிகீது அத்தை."

"நம்ம தெரு மாதிரி."

"அதேதான். எண்ணெய்ல சூடு பண்ணி, ஆயிரக்கணக்குல வோல்ட் குடுத்தா எல்லாத்தையும் ஒரே பக்கமா திருப்பிடலாம். ஆறி முடியற வரைக்கும் கரண்ட்ட எடுக்கக் கூடாது."

மறுநாள் காலை வில்லையோடு கல்லூரிக்குப் போனாள். அண்ணனால் உட்கார முடியவில்லை. படகுக்குப் போனார், வந்தார், டீயை ஆர்டர் செய்துவிட்டுக் குடிக்காமலே மறுபடி போனார். பத்து நிமிடத்துக்கு ஒரு போன்.

"ஆச்சாம்மா?"

"ஆறணும் நைனா. வையி."

நானும் நாலு தடவை அடித்தேன். அக்கறையில்தான்.

சாயங்காலம் அவளே வந்து வில்லையைப் பொருத்தினாள். திரையில் நாலு பாகம், அதாவது இருபத்துநாலு அடி ஆழத்தில் கடல் தரை பளிச்சென்று தெரிந்தது. ஆட்கள் விசிலடித்தார்கள். அவள் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"இன்னாடி மூஞ்சி இப்டி கீது?"

"முழுசா ஆறறதுக்கு முன்னாடியே கரண்ட்ட நிறுத்திட்டேன் அத்தை. போன் அடிச்சிகினே இருந்துது, கை ஓடல. எவ்ளோ திரும்பிச்சோ தெரில. நைனாகிட்ட சொல்ட்டேன். பரவால்லன்றாரு."

கடைசியாக அடித்தது யார் என்று நான் கேட்கவில்லை.

விடியலில் எல்லாப் படகுகளோடும் அவர் படகும் கிளம்பியது. எட்டு மணிக்குப் போன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இருவது பாகம் வரைக்கும் சூப்பரா கீதுமா. அதுக்குக் கீழ ஒரே கருப்பு. மத்த படகுங்கல்லாம் நாப்பதுக்குப் போவுது. இன்னா பண்ண?"

ஹெப்சிபா கண்ணை மூடித் திறந்தாள். "கர கிட்டவே வல போடு நைனா. வந்ததும் கழட்டிக் குடு, மறுபடி பண்றேன்."

எஞ்சின் சத்தத்தை மீறி அவர் கத்தினார்.

"செரி. அவுங்க வஞ்சரம் கொண்டாருவாங்க, நான் கரையோரத்துச் சின்ன மீனு காரப்பொடி கொண்டாறேன். பக்கத்துல உன் அத்தை நிக்குதா? எவ்ளோ வோணும்னு கேளு."

"ரெண்டு கிலோ," என்றேன்.