கீழே ஆள் இருக்கு

முதல் கல் அவளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து இரண்டாகப் பிளந்தது. தானாக உருண்டு வந்தது என்றுதான் நினைத்தாள். பாறை என்றால் உதிரத்தானே செய்யும்! ஆனால் உதிர்கிற கல்லுக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். மேலே கைதட்டல் கேட்டது.

அவள் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருஷமாக அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிகளில் இறங்கி, கம்பி வடத்தைத் தடவித் தடவிப் பார்ப்பதுதான் வேலை. எதையும் மூன்று தடவை முறுக்கிப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் கம்பெனியில் அவளுக்குத் திருகாணி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான். நேரில் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தம்பியோடு பாறை ஏறக் கிளம்பிவிடுவாள். தம்பி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அன்று அவன் நாலு மாடி உயரத்தில் இருந்தான். அவனைக் கட்டிய கயிற்றின் மறுமுனை அவள் இடுப்பில் இருந்தது. அதனால் அவளால் ஓடி ஒதுங்கவும் முடியாது.

பாறையின் உச்சியில் காரை நிறுத்தி வேடிக்கை பார்க்க ஓர் இடம் உண்டு. அங்கே தலைகள் தெரிந்தன.

"ஆளு இருக்கு! கீழ ஆளு இருக்கு! கல்லு போடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

கைதட்டல் நின்றது. பிறகு ஓர் ஆண்குரல், அவள் குரலைப் போலவே கீச்சென்று இழுத்து, "ஆளு இருக்கூ!" என்றது. கொல்லென்று சிரிப்பு. அதற்குப் பிறகு எண்ண ஆரம்பித்தார்கள். கல் கீழே போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று போட்டி போலிருக்கிறது.

"ஒண்ணு... ரெண்டு..."

மூன்று சொல்வதற்குள் கல் வந்துவிட்டது.

தம்பி பாறையோடு பல்லியாக ஒட்டிக்கொண்டான். தலை தப்பியது. பிடியில் இருந்த இடது கை தப்பவில்லை. அவன் அலறிக்கொண்டு கழன்று விழ, கயிறு விண்ணென்று இழுத்து அவளை இரண்டடி தூக்கியது. பிடி தளராமல் அவனைத் தரைக்கு இறக்கினாள். மூன்று விரல்கள் இருந்த இடத்தில் ரத்தமும் வீக்கமும்தான் தெரிந்தன. பக்கத்துப் பாறையில் ஏறிக்கொண்டிருந்த புருஷனும் பெண்சாதியும் ஓடி வந்தார்கள்.

"இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் மேல போயிட்டு வரேன்."

"வேணாம்க்கா. எங்கூட வா" என்றான் தம்பி.

அவள் மேலேதான் போனாள். கால்மணி நேரப் பாதையை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

மேலே ஒரே நிறத்தில் பனியன் போட்ட பத்துப் பன்னிரண்டு பேர். ஏதோ ஆபீஸ் சுற்றுலா. நடுநாயகமாக வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவன். மற்றவர்கள் அவனை "சார், சார்" என்று மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு கல்லு போட்டது?"

"கல்லா? நாங்க போட்டோ எடுத்துட்டு இருக்கோம்மா" என்றான் தொப்பிக்காரன்.

"நான் கத்தினது காதுல விழலையா?"

"இந்தக் காத்துல என்ன விழும்? அதுசரி, மனுஷன் ஏறுற இடமா அது? சாகணும்னே வந்து தொங்குறீங்க, பழிய மட்டும் எங்க மேல போடுறீங்க."

அந்தக் குரல். அவள் அவன் பனியனைக் கொத்தாகப் பிடித்தாள். "நீதானே என்னை மாதிரி கத்திக் காட்டினே? இப்போ கத்துடா பாப்போம்!"

நாலு பேர் இழுத்துப் பிரித்தார்கள். ஒருவன், "பொம்பளைன்னு பாக்குறோம்" என்று சொல்லிக்கொண்டே அவளை நெட்டித் தள்ளினான். முழங்கை சிராய்த்தது. எழுந்து நின்று, நிதானமாக ஒவ்வொரு காராகப் போய் நம்பரைக் குறித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

காவல் நிலையத்தில், தம்பிக்காக அவள் கொடுத்த புகாரை எழுத உட்கார்ந்த எழுத்தர் பேனாவை உருட்டினார். "கல்லு உருண்டு விழுந்துச்சுன்னு எழுதிக்கட்டுமா?"

"உருளலை. எண்ணி எண்ணிப் போட்டாங்க. அப்படியே எழுதுங்க."

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தாள். அந்த ஆபீஸின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவளாம்.

"அக்கா, நானும் அங்க இருந்தேன். எல்லாம் என் போன்ல வீடியோவா இருக்கு. நீங்க கத்துறதும் கேக்குது, சார் அதுக்கப்புறம் போடுறதும் தெரியுது." கொஞ்சம் நிறுத்தினாள். "நானும் சிரிச்சேன்க்கா. அதுவும் கேக்குது."

"சிரிப்பையும் சேர்த்துக் குடு. வெட்டாதே."

நன்றி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அந்தப் பெண்ணும் எதிர்பார்க்கவில்லை.

வீடியோ போலீசுக்குப் போனதும் தொப்பிக்காரனுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. மனைவியோடும் ஒரு கூடைப் பழத்தோடும் வார்டுக்கு வந்து நின்றான். "ஏதோ விளையாட்டா நடந்துபோச்சு தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் கூடையைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டு, "நடையைக் கட்டு" என்றாள். ஆனால் மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவர்கள் திரும்ப வந்தார்கள். புகாரை விட்டுவிடுவதாகத் தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான்.

"உனக்கு என்ன பைத்தியமா?"

"என் கை போச்சு, நான் மன்னிக்கிறேன். உனக்கு என்ன வந்துச்சு?" என்றான் தம்பி. கட்டுப்போட்ட கை தலையணை மேல் கிடந்தது. "நான் துடிச்சுக்கிட்டுக் கிடக்கும்போது எங்கூட வராம சண்டைக்குப் போனே. ஆஸ்பத்திரியில யாரோ ரெண்டு பேர்தான் எனக்குத் துணை. இப்பவும் உனக்கு அந்தச் சண்டைதான் பெருசு."

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போனாள்.

"உங்க தம்பிதான் வாபஸ் வாங்கிட்டாரே" என்றார் எழுத்தர்.

"முதல் கல்லு எனக்கு வந்தது. ஒரு முழத்துல தப்பிச்சேன். இது என் புகார். எழுதுங்க."

வழக்கு பதினாலு மாசம் இழுத்தது. வரவேற்புப் பெண் வேலையை விட்டுவிட்டு வந்து சாட்சி சொன்னாள். நீதிமன்றத்தில் வீடியோவை ஓடவிட்டபோது, அந்தக் கீச்சுக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. தொப்பி இல்லாத தலையைக் குனிந்துகொண்டான் அவன். ஆறு மாசம் உள்ளே என்று தீர்ப்பானது.

வெளியே வந்தபோது அவன் மனைவி குறுக்கே வந்து நின்றாள். "ஒரு குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்திட்டியே. நீ நல்லா இருப்பியா?"

"இருப்பேன்" என்றாள் அவள். "வழியை விடு."

படிக்கட்டில் தம்பி நின்றிருந்தான். அவளோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. கடையில் இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஃப்ரேம் எடுத்துக் காட்டுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இப்போ திருப்தியா?"

"இல்ல. ஆனா விட்டிருந்தா செத்தே போயிருப்பேன்."

அவள் படியிறங்கத் தொடங்கியதும், இரண்டு படி இடைவெளி விட்டு அவனும் பின்னால் வந்தான்.