லிஸ்டில் இல்லாத வார்த்தை

உள்ளங்கையில் பேனா முனை ஓடும்போது குறுகுறுத்தது. ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அறுபத்தொன்பது வயது சக்ரபாணி தன் இடது கையில் பத்து வார்த்தைகளை எழுதிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அதில் பதினோரு வருஷம் பொதுத்தேர்வுப் பறக்கும் படையில். லால்குடியிலும் துவாக்குடியிலும் அவருடைய ஜீப் வந்து நின்றால் போதும், பள்ளிக்கூட ஜன்னல் வழியே பிட்டுகள் பறக்கும். பையன்கள் எங்கெங்கே எழுதி வைப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. உள்ளங்கையில் எழுதுகிறவன் கடைசி பெஞ்சிலும் கடைசி ஆசாமி, வியர்த்தால் எல்லாம் போச்சு என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டலடித்திருக்கிறார். இன்றைக்கு அவருக்கு வேறு இடம் தோன்றவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் அவருக்கு பைபாஸ் நடந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். வயதானவர்களில் சிலருக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ஞாபகம் மந்தமாகிவிடுகிறது, வல்லாரையிலிருந்து எடுத்த மருந்து அதைத் தடுக்குமா என்று ஒரு ஆராய்ச்சி செய்கிறோம், நீங்களும் சேர்ந்துகொள்கிறீர்களா என்று. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு வல்லாரை கேப்ஸ்யூல், மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது கொடுக்கிறவர்களுக்கே தெரியாது. சக்ரபாணிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. ஏப்பம் விட்டால் பச்சிலை வாசனை அடிக்கிறது, தனக்கு வந்திருப்பது வல்லாரையேதான் என்று சாதித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பிச்சமுத்து, லால்குடிக்கு அந்தப் பக்கம் நாலு ஏக்கர் நெல் வைத்திருப்பவர், தனக்கு ஒரு வாசனையும் வரவில்லை, மாவுதான் போலிருக்கிறது என்று சிரித்தார்.

சோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆராய்ச்சிக்காக இருக்கும் இளவேனில் என்ற பெண் பத்து வார்த்தைகளை மூன்று தரம் வாசிப்பாள். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வாள். அது முடிந்ததும் அந்தப் பத்து வார்த்தைகளைத் திருப்பிக் கேட்பாள். ஆபரேஷனுக்கு முன்னால் சக்ரபாணி ஒன்பது வார்த்தை சொன்னார். கழித்தலில் அவள் போதும் போதும் என்றும் நிற்காமல் இரண்டு வரைக்கும் இறங்கிப் போய், அதற்குக் கீழே மைனஸ் ஐந்து, போகட்டுமா என்று கேட்டார். ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம் வந்தபோது மூன்று வார்த்தைதான் வந்தது. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. அதற்கு அடுத்தது வரவில்லை. கணக்கு வாத்தியாருக்கு, எழுபத்தொன்பதில் ஏழு போனால் எவ்வளவு என்று வரவில்லை. இளவேனில் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் குறித்துக்கொண்டாள். அவள் முகத்தை மாற்றிக்கொள்ளாததுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அவள் கொடுத்த சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்தார்.

வெளியே காத்திருந்த மனைவி ஹம்ஸாவிடம் ஒன்பது என்று சொன்னார். எல்லாம் பெருமாள் அனுக்ரஹம் என்று அவள் கையைக் கூப்பினாள். அதோடு விட்டாளா? ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீடு பாக்கியில்லாமல், வல்லாரை சாப்பிட்டதில் எங்காத்துக்காரருக்கு ஒரு குறையுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த ரங்கநாயகி மாமி வீடு தேடி வந்து, எத்தனை இலை, மோரிலா தேனிலா என்று விசாரித்தாள். சக்ரபாணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விளக்கமாகப் பதில் சொன்னார். அதற்கு முந்தின நாள்தான் கோயிலிலிருந்து திரும்பும்போது, ஐம்பது வருஷமாக நடந்த வீதியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பூக்கடை வாசலில் நின்றிருந்தார். நேரமானதற்கு, பழைய மாணவன் ஒருவன் பிடித்துக்கொண்டுவிட்டான் என்று வீட்டில் சொன்னார். பொய் சொல்வதற்கு மட்டும் மூளை நன்றாகவே வேலை செய்தது.

இன்று மூன்றாவது சோதனை. பிச்சமுத்துவை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவரிடம் சக்ரபாணி பட்டும் படாமலும், உங்களுக்கு என்னவெல்லாம் கேட்டாள் என்று ஆரம்பித்தார். வாத்தியாரே தன்னிடம் கேட்கிறாரே என்று பிச்சமுத்துவுக்கு ஒரே பூரிப்பு. விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் பத்தையும் ஒப்பித்தார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார் சக்ரபாணி. இன்னொரு தரமும் சொன்னார். உடனே எழுந்து கழிவறைக்குப் போகாவிட்டால் பாதி மறந்துவிடும் என்று சக்ரபாணிக்குப் பயமாக இருந்தது.

அறைக்குள் இளவேனில் மூன்று தரம் வாசித்தாள். அவர் கேட்பதுபோல் தலையாட்டினார். கழித்தலில் எழுபத்திரண்டு வரை எப்படியோ வந்து சேர்ந்தார். பிறகு இடது கையை மடியில் வைத்து, யோசிப்பதுபோல் குனிந்து, ஒன்றொன்றாகச் சொன்னார். மாம்பழம், பாலம், கதவு, விரல். நடுவில் வேண்டுமென்றே நிறுத்தினார். ஒரேயடியாகச் சொன்னால் சந்தேகம் வரும் என்பதும் பறக்கும் படையில் கற்றதுதான். யானை, கண்ணாடி, மழை, சட்டை, கதிரறுவா, நாற்காலி.

இளவேனிலின் பேனா நின்றது. "கதிரறுவாளா சார்?"

"ஆமாம்மா."

"அது லிஸ்ட்ல இல்லீங்களே சார்." அவள் முந்தின தாளைப் புரட்டினாள். புரட்டியவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிச்சமுத்து ஐயாவும் இதே வார்த்தையச் சொன்னாங்க."

சக்ரபாணிக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. ஊரில் அறுவடை நடக்கிற நேரம், பிச்சமுத்துவின் மனசு வயலில் இருந்திருக்கிறது, ஒரு வார்த்தைக்கு இன்னொன்றை மாற்றிச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து விடைத்தாளில் ஒரே தப்பு இருந்தால் விசாரணையே வேண்டாம் என்று எத்தனை ஆசிரியர்களுக்கு இவரே சொல்லியிருக்கிறார்! ஆனால் மாட்டிக்கொண்டதைவிட இன்னொன்றுதான் அவருக்குப் பயமாக இருந்தது. சற்று முன் மூன்று தரம் அவள் காதுபட வாசித்தாள். அந்த வார்த்தை அதில் வரவேயில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.

இளவேனில் எழுந்து வெளியே போனாள். அவரும் பின்னாலேயே போனார். பெஞ்சில் பிச்சமுத்துவும் அவர் மனைவி ரெங்கம்மாளும், ஹம்ஸாவும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கேட்டதை யாரிடமாவது சொன்னீர்களா என்று இளவேனில் பிச்சமுத்துவைத்தான் கேட்டாள். வார்த்தைகளை வெளியே சொல்லக்கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தோம், இது டாக்டருக்குத் தெரிந்தால் உங்களை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள், கேப்ஸ்யூலும் கிடைக்காது என்றாள். ரெங்கம்மாளின் முகம் சுண்டிப்போனது. மாவோ மருந்தோ, புருஷன் எழுந்து நடமாடுவது அந்த கேப்ஸ்யூலால்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

பிச்சமுத்து ஒரு தரம் சக்ரபாணியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"என் தப்புதாங்கம்மா. மறந்துறக் கூடாதேன்னு வெளிய வந்து வாய்விட்டுச் சொல்லிக்கிட்டிருந்தேன். சார் காதுல விழுந்திருக்கும். அவரு எங்கிட்ட ஒண்ணும் கேக்கலீங்க."

உனக்கு எதுக்கு இந்த வாய் என்று ரெங்கம்மாள் அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாங்கிக்கட்டிக்கொண்டார். ஹம்ஸா நடுவில் புகுந்தாள்.

"இவர் அப்படிப்பட்டவர் இல்லேம்மா. தம்பி பிள்ளை கேஷவ், அவனையே பரீட்சை ஹால்லேர்ந்து எழுப்பி வெளில அனுப்பிச்சவர். அவன் இன்னிக்கு வரைக்கும் எங்காத்துப் படி ஏறலை."

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சக்ரபாணிக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டாலும் போதும் என்றும் தெரிந்தது. பிச்சமுத்து பழியை ஏற்றுக்கொண்டாகிவிட்டது, இளவேனில் சந்தேகப்பட்டாலும் மரியாதைக்காக விட்டுவிடுவாள், மத்தியானம் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் வீட்டுக்குப் போய்விடலாம். இந்தக் கணக்கை அவர் போட்டார். மனசுக்குள் சரியாகவே போட்டார். போட்டு முடித்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கேஷவிடம் அன்றைக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சூத்திரம். அவன் அழுதுகொண்டே பெரியப்பா என்றான். ஹாலில் நான் உனக்குப் பெரியப்பா இல்லை என்று இவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அவர் மேல தப்பில்லேம்மா. நான்தான் கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன்" என்று சக்ரபாணி சொன்னார். குரல் அவர் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. இடது கையை விரித்தார். வியர்வையில் மை கலங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

விடுங்க சார் என்று பிச்சமுத்து தரையைப் பார்த்துச் சொன்னார். ஹம்ஸா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். போன தரம் சொன்ன ஒன்பது என்னவாயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இளவேனில் உள்ளே போய் டாக்டரோடு போனில் பேசிவிட்டு வந்தாள். பிச்சமுத்து விஷயத்தை அவர் வந்துதான் முடிவு செய்வாராம். சாருக்கு வேறு லிஸ்ட் ஒன்று இருக்கிறது, இது ஆராய்ச்சிக் கணக்கில் சேராது, ஆனால் உங்கள் உடம்புக்காகப் பார்த்துவிடலாம் என்றாள். சக்ரபாணி சரி என்றார். கதவருகே போனவர் நின்று திரும்பினார்.

"ஹம்ஸா, நீயும் உள்ளே வா."

அவள் சுவர் ஓரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இளவேனில் புதிய பத்து வார்த்தைகளை நிதானமாக மூன்று தரம் வாசித்தாள். கழித்தல் எண்பத்தாறோடு நின்றது. இப்ப சொல்லுங்க சார் என்றாள்.

"குடை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உப்பு" என்றார்.

அதற்கு மேல் வரவில்லை. அவர் கண்ணை மூடிப் பார்த்தார். திறந்து பார்த்தார். இரண்டு கைகளும் மேஜைமேல் விரிந்து கிடந்தன. மெல்ல நிமிர்ந்து மனைவியின் பக்கம் திரும்பினார். ஹம்ஸாவுக்குப் பத்தும் தெரிந்திருந்தது. மூன்றாவது வார்த்தையை எடுத்துக் கொடுக்க அவள் உதடு பிரிந்தது. சட்டென்று புடவைத் தலைப்பை இழுத்து வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவர் அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.