அந்த மூணு வீடு எது?

அக்கா, இதைப் படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது. போர்வைக்குள் உட்கார்ந்து போனில் அடித்துக்கொண்டிருக்கிறேன். வெளிச்சம் தெரிந்தால் அம்மா வந்துவிடுவாள். பெரியம்மாவிடம் மூச்சு விடாதே. பெரியம்மாவுக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் மேல் கோடி வீட்டு ரேடியோ மாமாவுக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்த பிறகு தெரியாத ஆள் என்று உலகத்தில் யாரும் மிச்சம் இருக்க மாட்டார்கள்.

எங்கள் தெருவில் பத்து வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் அதனதன் வயல். பத்திலும் மழையை நம்பித்தான் மக்காச்சோளம். முதல் மழை பெய்ததும் விதைத்துவிடலாமா, இன்னொரு மழை பார்க்கலாமா என்பது வருடா வருடம் நடக்கும் சண்டை. விதைத்த பிறகு மழை ஏமாற்றினால் முளைத்ததெல்லாம் காய்ந்துவிடும். இந்த வருடம் முதல் மழை பெய்துவிட்டது, மறுபடி வாங்க விதைக்கடையில் விதையும் இல்லை.

நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். கணக்கு டீச்சர் சொன்னாரே என்று வானிலை நிலையத்தின் முப்பது வருட மழைக் கணக்கை எடுத்தேன். முதல் மழைக்கு அப்புறம் பத்து நாளுக்குள் அடுத்த மழை எத்தனை வருடம் வந்திருக்கிறது என்று எண்ணினேன். இருபத்தொரு வருடம் வந்திருக்கிறது, ஒன்பது வருடம் வரவில்லை. பத்துக்கு ஏழு. அப்பாவிடம் சொன்னேன். அப்பா பெருமை தாங்காமல் விதைக்கடையில் சொன்னார். மறுநாள் சாயங்காலம் பத்து வீடும் டிராக்டர் அத்தையின் கொட்டகையில் கூடிவிட்டது. தெருவில் இருக்கும் ஒரே டிராக்டர் அவருடையது என்பதால் கடைசி வார்த்தையும் அவருடையதுதான்.

"சொல்லுடி கால்குலேட்டர், விதைக்கலாமா வேணாமா?" என்றார் அத்தை.

"பத்துக்கு ஏழு மழை வரும் அத்தை."

"நல்லது. மிச்சம் மூணு?"

"மூணுல வராது."

ரேடியோ மாமா மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். அவர் தலைகளை எண்ணுகிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"அந்த மூணு வீடு எது?" என்றார்.

"ஐயோ, வீடு இல்ல மாமா, வருஷம்!"

"வருஷத்துலயா குடியிருக்கோம்? வீட்டுலதான குடியிருக்கோம்?"

"மழை வந்தா எல்லாருக்கும் வரும், வராட்டி யாருக்குமே வராது மாமா."

"யார்கிட்ட கதை விடறே? போன வருஷம் என் வயல்ல கொட்டு கொட்டுன்னு கொட்டுது, வரப்புக்கு அந்தப் பக்கம் இந்தக் கொத்தனார் துணி காயப்போட்டுட்டு நிக்கிறான்."

"ஆமா, நல்லாக் காய்ஞ்சுது," என்றார் கொத்தனார் மாமா, மன்னிப்புக் கேட்பது போல.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. வீட்டுக்கு ஓடி, அம்மாவின் காய்கறிப் பையில் ஏழு சோளமும் மூன்று மொச்சையும் போட்டு எடுத்து வந்தேன்.

"இப்ப பாருங்க. பைக்குள்ள கைய விட்டு ஒண்ணு எடுக்கறோம். எடுக்கறதுதான் இந்த வருஷம். சோளம் வந்தா மழை. மொச்சை வந்தா..."

"அப்படிச் சொல்லு!" அத்தை துள்ளி எழுந்தார். "குலுக்கல்! இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? வீட்டுக்கு ஒருத்தர், வரிசையா வாங்கப்பா!"

"உதாரணத்துக்குத்தான் அத்தை!"

"உதாரணம் நல்லாத்தான் இருக்கு. நீ பையைப் பிடி."

பிடித்தேன். வேறென்ன செய்ய? மொச்சை மூன்று பேருக்கு வந்தது: ரேடியோ மாமா, கொத்தனார் மாமா, அப்பா. ரேடியோ மாமா போட்ட கூச்சலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கடைசியில் அத்தைதான் அதட்டி ஒரு வழி பண்ணினார். "வாயை மூடு. ஏழு பேர் இப்ப விதைக்கிறோம், மொச்சை வந்த மூணு பேர் விதைக்காம வச்சிருங்க. எங்களுக்குக் காய்ஞ்சா உங்க மூணு பேர் விதையில எங்களுக்குப் பங்கு. மழை வந்துட்டா உங்க வயல்ல மொதல்ல டிராக்டர் இறங்கும், வாடகை கிடையாது. சரியா?"

இதை டீச்சருக்கு அனுப்பினேன், திட்டுவார் என்று. 'எல்லாரும் ஒரே நாளில் விதைக்காமல் பிரித்துக்கொண்டது அருமை, எப்படி யோசித்தீர்கள்?' என்று பதில் வந்தது. எப்படி யோசித்தோம் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறம் மழை வரவே இல்லை அக்கா. முளைத்த சோளம் மத்தியான வெயிலில் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. ரேடியோ மாமா வாசலில் விதை மூட்டையைப் போட்டு அதன் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட டீ கொண்டுபோய்க் கொடுத்து, "மாமா, முதுகு வலி தேவலையா?" என்று கேட்கிறார்கள். அது கூடப் பரவாயில்லை. நேற்று பால் வாங்கப் போனபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "பெத்த அப்பனுக்கு மட்டும் கரெக்டா மொச்சை வந்துச்சு பார்த்தியா? பையைப் பிடிச்சது யாரு?"

பாலை வாங்காமல் வந்துவிட்டேன். திருடி என்று சொல்கிறார்கள் அக்கா. என்னை.

இன்று சாயங்காலம் மறுபடி கொட்டகைக்கு வரச் சொன்னார்கள். அத்தை டிராக்டர் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒரே கேள்விதான். உங்கப்பா கைக்கு மொச்சை எப்படி வந்துச்சு?"

அப்பா எழுந்துவிட்டார்.

"அவளை விடுங்க. நான்தான் தடவிப் பார்த்து எடுத்தேன்."

"என்னது?"

"மொச்சை வழவழன்னு இருக்கு, சோளம் கூரா இருக்கு. கையில தெரியாதா? என் பொண்ணு பேச்சை நம்பி எல்லாரும் விதைக்கிறீங்க. தப்பாப் போனா குடுக்கறதுக்கு என்கிட்ட விதை இருக்கணும்ல? அதான்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஓஹோ. அந்தக் கைக்கு அவ்வளவு தெரியுமா? கத்திரிக்காய் வாங்கறப்ப மட்டும் புழு இருக்கறதாப் பார்த்துப் பொறுக்கிட்டு வருது?"

ரேடியோ மாமா தொண்டையைச் செருமினார். "நானும் தடவித்தான் எடுத்தேன். பெருசா இருந்துச்சு. பெருசுதான் நல்லதுன்னு நினைச்சுட்டேன்."

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை டிராக்டர் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். அப்புறம், "எனக்கு மொதல்ல கையில பட்டது மொச்சைதான்," என்றார். "தள்ளிட்டு சோளத்தை எடுத்தேன். அதுக்கென்ன இப்போ?"

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். கொத்தனார் மாமா மட்டும் சிமெண்டில் ஊறித் தடித்த தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுதா? எனக்கு ஒண்ணுமே தெரியலையேப்பா!"

பத்து பேரில் ஒழுங்காகக் குலுக்கல் நடந்தது அந்த ஒரு மனிதருக்கு மட்டும்தான். கொட்டகையே சிரித்தது. பால் வாங்கும் இடத்தில் கேட்ட அந்தக் குரல்கூடச் சிரித்தது.

சரி, தப்பித்தேன் என்று நினைத்தேன். கிளம்பும்போது அத்தை கூப்பிட்டார். "காலைல வந்து சொல்லு. இனிமே மழை வருமா? இருக்கற விதையை எந்தெந்த வயலுக்குக் குடுக்கறது?"

அதுதான் அக்கா, தூக்கம் போன காரணம். மழை ஏமாற்றிய ஒன்பது வருடத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். நாலு வருடம் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது. வெறும் ஒன்பதை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? ஒன்பதுக்கு நாலு என்றால், 'பத்தாவது வீடு எங்கே போகும்?' என்று ரேடியோ மாமா கேட்பார். கேட்காமல் இருக்கவே மாட்டார்.

இரு, மேல் கோடியில் யாரோ கத்துகிறார்கள்.

ரேடியோ மாமா. "பெய்யுது! என் பக்கம் பெய்யுது!"

அடுத்து கொத்தனார் மாமா: "இங்கயும்! துணி போச்சு!"

மூன்றாவது வீடு. நாலாவது. எங்கள் கூரையிலும் விழுகிறது அக்கா! தடதடவென்று விழுகிறது! ஆறாவது வீட்டில் யாரோ தட்டைத் தட்டுகிறார்கள். ஏழாவது வீட்டில் விசில்.

அப்புறம் அத்தை குரல். "ஏய்! இங்க ஒரு சொட்டு இல்ல!"

அதற்கடுத்த வீடு: "இங்கயும் இல்ல!"

கடைசி வீடு: "வெறும் காத்துதான்!"

ஜன்னலைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தேன். அதற்கு மேல் மழை நகரவில்லை. ஏழு வீடு. மூணு வீடு.

மேல் கோடியிலிருந்து மாமா தெருவே கேட்கக் கத்துகிறார்: "நான் அன்னிக்கே கேட்டேன்ல, அந்த மூணு வீடு எதுன்னு!"

அப்பா எங்கள் விதை மூட்டையைத் தோளில் தூக்கிவிட்டார், கீழ் வீடுகளில் கொடுத்துவிட்டு வர. அம்மா பின்னால் ஓடி அவர் கையில் குடையைத் திணிக்கிறாள். "தலைக்கு இல்லைங்க, மூட்டைக்குப் பிடிங்க!"

முப்பது வருடக் கணக்கு என் மடியில் கிடக்கிறது. அது வருடம், வீடு இல்லை என்று இனிமேல் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

வாசலில் அத்தை. தன் வீட்டில் பெய்யவில்லை என்று சொல்வதற்காக எங்கள் வீட்டு மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு நிற்கிறார்.

"கால்குலேட்டர்! வெளிய வாடி! அடுத்த வருஷம் எந்த மூணு வீடுன்னு இப்பவே சொல்லிடு!"