பெல்ட்டில் சுற்றிய பல் செட்

பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் பெல்ட்டில் அந்தச் செருப்புப் பெட்டி மூன்றாவது தடவை கண்ணெதிரே போனபோது அவள் எட்டிப் பார்த்தாள்.

அவள் ஒட்டிய பச்சை டேப். நாத்தனார் வீட்டு முகவரி. உள்ளே, பஞ்சில் சுற்றி, மாமனாரின் பல் செட்.

பஸ்ஸில் தூங்கும்போது பல்லைக் கழற்றிவிடுவது மாமனாரின் வழக்கம். "டப்பாவைக் குடுங்க மாமா, பையில வச்சிடறேன்" என்று வாங்கியவள் இவள்தான். வைக்க மறந்தவளும் இவள்தான். அவர் பஸ் ஏறிப் போன பிறகுதான் தெரிந்தது. நாளை சாயங்காலம் அவர் மகள் ஊர் நாடக மேடையில் அவர்தான் ராஜா. ஆயுள் முழுக்கச் சேவகன் வேஷம் கட்டியவருக்கு முதல் தடவையாகக் கிரீடம். பொக்கை வாயோடு ராஜா பேசினால் அரங்கமே சிரிக்கும். அத்தையோ இவளை ஆயுசுக்கும் சிரிக்க விடமாட்டாள்.

அந்த ஊர் லாரி கதவைச் சாத்த அதிக நேரமில்லை. பெட்டியோ வட்டப் பெல்ட்டில் பிரதட்சணம் செய்துகொண்டிருந்தது. ஸ்கேனருக்குப் புரியாத பார்சலுக்கு அதுதான் கதி.

ஏன் புரியவில்லை? வளைவில் பெட்டி சாய்ந்தபோது தெரிந்தது. அடியில் ஒரு பழைய லேபிள். ஒரு பெட்டிக்கு இரண்டு பார்கோடு. "பழசைக் கிழிக்காம அனுப்பறவங்களைக் கட்டி வச்சு உதைக்கணும்" என்று தினமும் கத்துகிறவள் சாட்சாத் இவளேதான்.

கை நீட்டினால் எட்டும். ஆனால் தன் வீட்டுப் பார்சலைத் தானே தொட்டால் வேலை போய்விடும். திருட்டுக்குப் பயந்து வைத்த விதி. வாயைத் திறந்தால் மானம் போய்விடும். போகட்டும்.

"சார், அந்தச் செருப்புப் பெட்டி என்னுது. அடியில பழைய லேபிள் இருக்கு. நான் தொடக்கூடாது."

சூப்பர்வைசர் புருவத்தைத் தூக்கினார். "யாரு, நம்ம டீச்சரம்மாவா?" பெல்ட்டில் அவளுக்கு அதுதான் பட்டப்பெயர்.

"அப்புறமா எவ்வளவு வேணா திட்டுங்க சார். லாரி போயிடும்."

"உள்ள என்ன?"

"மாமனார் பல்லு."

எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் ஒரு கைகூட நிற்கவில்லை. அதுதான் அந்த இடத்தின் அழகு. வளைவில் நின்ற ஒல்லிக்குச்சி, நீளக் கொக்கியால் பெட்டியைக் கோழிக்குஞ்சை ஒதுக்குவதுபோல ஒதுக்கினான். கோளாறு மேசையில் கண்ணாடியக்கா அதை ஏந்திக்கொண்டாள். கிழிந்தது, நனைந்தது, முகவரி அழிந்தது எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிற கை. பழைய பார்கோடைக் கருப்பு மையால் பூசினாள், நசுங்கிய மூலைக்கு டேப் ஒட்டினாள், காதருகே மெல்லக் குலுக்கிப் பார்த்தாள்.

"ஏம்மா, உன் மாமனார் கடிக்க மாட்டாரே?"

"அத்தைதான்க்கா கடிப்பாங்க."

மறுபடி பெல்ட். ஸ்கேனரின் வாய்க்குள் போன பெட்டி வெளியே வந்தது. இந்தத் தடவை அதைச் சுமந்த தட்டு சாய்ந்து, அந்த ஊர் லாரிக்கான சரிவில் பெட்டி வழுக்கி இறங்கியது. அவள் கை, தன் முன்னால் வந்ததையெல்லாம் லேபிள் மேலே தெரியும்படி புரட்டிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் லாரி வாசலில்.

அங்கே லோடு ஏற்றுகிற அண்ணன் கடைசிச் சுவரை முடித்துக்கொண்டிருந்தார். கனமானது கீழே, லேசானது மேலே; ஆணி அடித்தாலும் இறங்காத நெருக்கம். கொத்தனார் பார்த்தால் தொழிலை விட்டுவிடுவார். கூரைவரை ஏறிவிட்டது. இடமே இல்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு வருது. உடையற பொருள்," என்றார் சூப்பர்வைசர் வாக்கிடாக்கியில்.

அண்ணன் பெட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மேல் வரிசையில் ஒன்றை உருவி, குத்துவாட்டில் திருப்பிச் சொருகினார். ஒரு சந்து பிறந்தது. செருப்புப் பெட்டி அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது, தலையில் பாரமில்லாமல். கதவு இறங்கியது. அப்போதுதான் அவள் மூச்சு விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் டீ இடைவேளையில் நாத்தனாரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் கைதட்டல். பிறகு மாமனார், சொல்லுக்குச் சொல் பல் பதிய, படை திரட்டச் சொல்லிக் கர்ஜித்தார். கண்ணாடியக்கா டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

சூப்பர்வைசர் கதவருகே எட்டிப் பார்த்தார்.

"ராஜாவைக் கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுங்க. பெல்ட் ஓடுதா நிக்குதான்னே தெரியல."