புரதம் கலக்காத தட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் 'ஈஸ்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். உறைந்துபோன மரப்பட்டைக்குள் குளிர்காலம் முழுக்கச் சாகாமல் கிடக்கும் ஒரு வண்டுப்புழு உண்டு. அதன் உடம்பில் ஊறும் ஒரு புரதம், பனித்துகள்களை ஊசி ஊசியாக வளர விடாது. அந்த மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்து, ஈஸ்டையே அந்தப் புரதத்தைச் சுரக்க வைப்பது அவள் வேலை.

"பாவம், அது பாட்டுக்கு ரொட்டி சுட உதவிக்கிட்டிருந்துச்சு. வண்டோட வேலையை அது தலையில கட்டிட்டியே" என்பான் கணவன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளன் அவன்.

ஈஸ்ட் லேசில் மசியவில்லை. முதலில் சுரக்கவே இல்லை. சுரந்தபோதும் புரதம் சரியான வடிவத்துக்கு மடங்காமல் பாழாய்ப்போனது.

இதற்கிடையில்தான் அது நடந்தது. ஊசி, மாத்திரை என்று அலைந்து கடைசியில் அவர்களுக்கென்று தேறியது ஒரே ஒரு கரு. அவள் உடம்பு தேறும்வரை மருத்துவமனையில் அதை உறைய வைத்திருந்தார்கள். அதைக் கருப்பையில் வைக்க வேண்டிய நாளில் இருவரும் போய்க் காத்திருந்தார்கள்.

டாக்டர் வந்து, "உருக்கினப்போ தாங்கலைம்மா. சில சமயம் இப்படி ஆயிடும். யார் மேலயும் தப்பில்லை" என்றார்.

கணவன் தலையை மட்டும் ஆட்டினான். மாமியார் போனில் ஒரு குறையும் சொல்லவில்லை, அழுதார். குறை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஈஸ்ட் ஒருவழியாக வழிக்கு வந்தது. வடித்துச் சுத்தம் செய்த புரதத்தைக் கலந்து எலிக்கருக்களை உறைய வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, புரதம் கலக்காத இன்னொரு தட்டு. இன்று பிற்பகல் இரண்டையும் உருக்கினாள். முதல் தட்டில் பெரும்பாலானவை முழுசாக, தெளிவாக இருந்தன. பேராசிரியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நீ சாதிச்சிட்டேம்மா."

இரண்டாவது தட்டை வைத்தாள். வெளியுறை அப்படியே இருக்க, உள்ளே செல்கள் கருத்துச் சுருங்கி, கிழிந்து ஒழுகிக் கிடந்தன. டாக்டர் அன்று வாயால் சொன்னதை இப்போதுதான் கண்ணால் பார்த்தாள்.

"மேடம், இதை மட்டும் நீங்க எண்ணிடுங்க. என்னால முடியல."

பேராசிரியைக்கு விஷயம் தெரியும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினார்.

சாயங்காலம் கணவன் பயிற்சிப் பள்ளிக் காரில் வந்து ஏற்றிக்கொண்டான். "என்ன, வண்டு பாஸா?"

"பாஸ்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

இரண்டாவது தட்டைப் பற்றிச் சொன்னாள். அவன் கியரை மாற்றினான்.

"இது அப்பவே இருந்திருந்தா..."

"இருந்திருந்தாலும் போட விட்டிருக்க மாட்டாங்க. மனுஷங்களுக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும்."

"சரி" என்றான். பிறகு, "பார்க்க எப்படி இருந்துச்சு?"

"வெளியில ஒண்ணுமே தெரியலைங்க. முழுசாத்தான் இருந்துச்சு. உள்ளதான்..."

கார் குலுங்கி நின்றது. பயிற்சியாளர் உட்காரும் இருக்கை என்பதால் அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது, தன்னையறியாமல் அதை மிதித்திருந்தாள். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். ஓரங்கட்டி நிறுத்தியவன், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். கல்யாணமானதிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. முதுகில் கை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"நாளைக்கும் அந்த ரெண்டாவது தட்டு வைக்கணுமா?"

"வைக்கணும். அது இல்லாம யாரும் நம்ப மாட்டாங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். வீடு வரும்வரை அவள் கால்களை இருக்கைக்கு அடியில் மடக்கியே வைத்திருந்தாள்.